படம் வாங்கப் போகும் பயணம்: எங்கே பார்ப்பது, எங்கே பேசுவது, எங்கே பணம் கொடுப்பது

கேள்வி இதுதான்: சென்னையில் இருக்கும் ஒருவர் சமகால ஓவியம், சிற்பம் சேகரிக்கத் தொடங்குகிறார். ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்க முடியும். எந்த ஊருக்கு எப்போது போவது, கேலரிக்காரர்களிடமும் ஓவியர்களிடமும் எப்படிப் பேசுவது, வாங்கியதை எப்படிப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பது?

இந்தப் பயணத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. பினாலே, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி, கண்ணைப் பழக்குவதற்கு. பல கேலரிகள் ஒரே இடத்தில் கடை விரிக்கும் ஆர்ட் ஃபேர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஸ்டுடியோ ஓவியரைத் தெரிந்துகொள்வதற்கு. பணம் கொடுக்கும் இடம் கேலரி. கேலரி இல்லாத ஓவியர் என்றால் அவரிடமே நேரடியாக. புதிதாகச் சேகரிப்பவர்களின் பணம் பெரும்பாலும் இந்த வேலைகளை இடம் மாற்றிச் செய்வதில்தான் போகிறது. ஃபேர் கூட்டத்தில் அவசரப்பட்டு வாங்குகிறார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். விலையைத் தயங்காமல் கேட்க வேண்டிய கேலரியில் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் வெளியே வருகிறார்கள்.

மூன்று லட்சத்தை முழுதாகப் படத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பயணத்துக்கு 60,000 வரை போகும். நல்ல கண்காட்சிக் கேட்டலாக்குகளுக்குப் பத்தாயிரம் வேண்டும். வாங்கும் படத்தின் விலையில் 15 விழுக்காட்டை ஃப்ரேம், பேக்கிங், போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றுக்குத் தனியாக வையுங்கள். மிச்சம் ஏறக்குறைய இரண்டு லட்சம். அதில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று படம், அதுவும் முதல் ஆறு மாதம் கழிந்த பிறகு.

தொடக்கம் உள்ளூரிலேயே. ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் சகாக்களோடும் தொடங்கினார். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஓவியர்களே நிலம் வாங்கி எழுப்பிய ஊர் அது. இந்தச் சென்னை ஓவியர்களின் நவீனக் கலை இயக்கத்துக்கான மெட்ராஸ் இயக்க அருங்காட்சியகம் அங்கே 2009ல் திறக்கப்பட்டது. கூட்டம் இல்லாத வார நாளில் போய் இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் தொடர், ராமானுஜத்தின் மை ஓவியங்கள், ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள், ஆதிமூலத்தின் கோடு என்று இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், சென்னை ஓவியர்கள் வண்ணத்தைவிடக் கோட்டை ஏன் முதன்மையாக வைத்தார்கள் என்பது பிடிபடும். இன்றைய சென்னை ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்க்கும்போது அவர் எதைத் தொடர்கிறார், எதை உதறுகிறார் என்று சொல்ல இந்த அடிப்படை வேண்டும். டெல்லியில் எழுபது கேலரி பார்த்தாலும் இது கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: கிராமத்துக்குள் இருக்கும் வீடுகள் ஓவியர்களின் சொந்த வீடுகள். அருங்காட்சியகத்துக்கும் அங்குள்ள கேலரிகளுக்கும் தாராளமாகப் போகலாம். வீட்டுக் கதவை அழைப்பில்லாமல் தட்டக் கூடாது.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே கண்காட்சி அரங்கு மட்டுமல்ல, அச்சு, சுடுமண், சிற்பம், ஓவியம் எனத் தனித்தனிப் பணிக்கூடங்களும் உண்டு. ஓவியர்கள் அங்கேயே வேலை செய்கிறார்கள். எட்சிங் என்ற அச்சு முறையில் உலோகத் தகடு எப்படி அமிலத்தால் அரிக்கப்படுகிறது, மை எப்படித் துடைக்கப்படுகிறது என்பதை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால், பிறகு யாரும் உங்களிடம் கம்ப்யூட்டர் பிரின்டை எட்சிங் என்று விற்க முடியாது. முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் இருக்கும் வரிஜா கேலரியும் பார்க்க வேண்டியது. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஆர்ட்வேர்ல்டு சரளா, அஷ்விதா, ஃபோகஸ் போன்ற தனியார் கேலரிகளுக்குப் போகும் முன் போனில் கேளுங்கள். இரண்டு கண்காட்சிகளுக்கு நடுவே சுவர் காலியாக இருக்கும் நாட்கள் எல்லா கேலரியிலும் உண்டு. புகைப்படத்தில் ஆர்வம் இருந்தால் 2016ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேயைப் பின்தொடருங்கள்.

அடுத்தது கொச்சி. கொச்சி-முசிரிஸ் பினாலே 2012 டிசம்பர் 12ல் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு ஓவியர்களின் முயற்சியில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஓர் ஓவியரோ ஓவியர் குழுவோதான் எதை வைப்பது என்று முடிவு செய்யும் தேர்வாளர் (கியூரேட்டர்): 2014ல் ஜிதிஷ் கல்லட், 2016ல் சுதர்சன் ஷெட்டி, 2018ல் அனிதா துபே, 2022ல் சுபிகி ராவ், 2025ல் எச்.எச். ஆர்ட் ஸ்பேசஸ் குழுவுடன் நிகில் சோப்ரா. இங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பதற்குக் காரணமும் அதுவே. விலை என்ற ஒன்று பக்கத்திலேயே இல்லாதபோது எதன் முன்னால் நம் கால் தானாக நிற்கிறது என்று தெரியும்.

திறப்பு வாரத்தில் போகாதீர்கள். அறை முழுக்க அமைக்கும் பெரிய நிறுவல்கள் (இன்ஸ்டலேஷன்) பல முதல் நாளில் முடிந்திருக்காது. 2022ல் திறப்பே டிசம்பர் 12லிருந்து 23க்குத் தள்ளிப்போனது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை சரியான காலம். மார்ச்சில் பழைய மிளகு, மசாலாக் கிடங்குகளுக்குள் புழுக்கம் தாங்காது; வீடியோ அறைக்குள் பத்து நிமிடம் உட்கார முடியாது. சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகிலோ வாட்டர் மெட்ரோவிலோ ஃபோர்ட் கொச்சி. முழுதாக இரண்டரை நாள் வேண்டும். ஒரு நாளை மாணவர் பினாலேவுக்கு ஒதுக்குங்கள். நாடெங்கும் உள்ள கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் வேலை அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். பிடித்த பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேலரி கதவு திறப்பதற்கு முன்பே ஓர் ஓவியரைத் தெரிந்துகொள்ள இதுவே வழி.

மட்டாஞ்சேரியில் பினாலே அரங்குகளுக்கு நடந்து போகும் வழியெல்லாம் பழம்பொருள் கடைகள். அங்கே சிலை, பழைய உலோகத் திருமேனி என்று கை நீட்டாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். பதிவுச் சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே சிக்கல். சமகாலக் கலை சேகரிப்பவருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

ஜனவரி முழுக்க வேலை இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ரசந்தை. சாலையின் இரு பக்கமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் தங்கள் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால், அங்கே பத்தில் எட்டுப் படம் அலங்காரம்தான்: புத்தர், குதிரை, மழையில் குடை. மீதி இரண்டைத் தேடிப் பிடிப்பதில்தான் கண்ணுக்குப் பயிற்சி. காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் நின்று பார்க்க இடம் இருக்காது. மறுநாள் திங்கட்கிழமை எந்த ஊரிலும் அருங்காட்சியகங்களை நம்பாதீர்கள், பெரும்பாலானவை மூடியிருக்கும். இதே வகையில் இன்னொன்று சாந்திநிகேதனின் நந்தன் மேளா, டிசம்பர் 1, 2 தேதிகளில். அங்குள்ள கலைக் கல்லூரியான கலாபவனத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்தவற்றை அவர்களே அங்கே விற்கிறார்கள். சிறிய அச்சுப் படம், சுடுமண், காகித ஓவியம் எல்லாம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். சாந்திநிகேதன் வரை போக மனமிருந்தால் கட்டாயம் போகலாம்.

மும்பைக்கு ஜனவரியில் நடக்கும் மும்பை கேலரி வீக்கெண்டை ஒட்டிப் போங்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நகரத்தின் வசதி தூரம். கொலாபாவிலிருந்து காலா கோடா, ஃபோர்ட் வரை நடந்தே ஒரு நாளில் பத்துக் கேலரி பார்க்கலாம்: செமோல்ட் பிரஸ்காட் ரோடு, ஜவேரி கன்டெம்பரரி, சாட்டர்ஜி அண்ட் லால், புராஜெக்ட் 88. இவற்றில் செமோல்ட் 1963ல் கேக்கூ காந்தியும் கோர்ஷெத் காந்தியும் தொடங்கியது. அப்போது அது ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி மாடியில் இருந்தது. ஜஹாங்கீரையும் தவறவிடாதீர்கள். 1952ல் திறந்த அந்த அரங்கை ஓவியர்கள் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். முறை வருவதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கே ஓவியரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் கேலரி இல்லை என்பதால் விலை கொஞ்சம் இறங்கும், தேர்வின் தரமும் ஏறி இறங்கும். தமிழ்நாட்டு ஓவியர் ஒருவர் அங்கே கண்காட்சி வைத்திருந்தால் கடைசி நாள் மாலையில் போய்ப் பேசிப் பாருங்கள். விற்காத படங்களை மறுபடி பேக் செய்து ஊருக்கு அனுப்பும் செலவு அவர் தலையில்தான். பேச்சு நியாயமாக நடக்கும். ஆனால் அவர் கஷ்டத்தைக் காட்டி அடிமாட்டு விலை கேட்பது அசிங்கம்.

பிப்ரவரி தொடக்கத்தில் டெல்லி. இந்தியா ஆர்ட் ஃபேர் 2008ல் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது ஓக்லா என்.எஸ்.ஐ.சி. மைதானத்தில் வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கிறது. 2025ல் 120 கண்காட்சியாளர்கள். வியாழன் அழைப்பாளர்களுக்கு. இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: பேசப்படும் படங்களில் பலவும் கதவு திறக்கும் முன்பே பேசி முடிந்துவிடும். கேலரிகள் ஒரு வாரம், பத்து நாள் முன்பாகத் தங்கள் வாடிக்கையாளர்களுக்குப் படங்களும் விலையும் அடங்கிய பி.டி.எஃப். அனுப்புகின்றன. அந்தப் பட்டியல் உங்களுக்கும் வர வேண்டுமானால் டிசம்பரிலேயே, உங்களுக்குப் பிடித்த நான்கைந்து கேலரிகளுக்கு மட்டும் ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்த ஓவியர்களைக் கவனிக்கிறீர்கள், ஏறத்தாழ எந்த விலை வரம்பு, காகிதமா கேன்வாஸா என்று மூன்றே வரி. ஐம்பது கேலரிக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள்.

ஃபேரில் முதல் சுற்றைக் கையில் பேனா இல்லாமல் நடந்து முடியுங்கள், இரண்டு மணி நேரம். சாப்பிட்டுவிட்டு, நினைவில் தங்கியவற்றை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் சுற்று அந்தப் பட்டியலுக்கு மட்டும். சுவரில் விலை எழுதியிருக்காது. கேட்டால்தான் சொல்வார்கள், கேட்பதில் தவறே இல்லை. ஒரே ஓவியரின் படங்கள் இரண்டு கேலரிகளில் இருந்தால் அளவையும் ஆண்டையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஃபேருக்குப் போவதன் பெரிய லாபம் இதுதான். பிடித்த படத்தை எடுத்து வைக்கச் சொன்னால் ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைப்பார்கள். அந்த இரவை யோசிக்கப் பயன்படுத்துங்கள். வாங்கப் போவதில்லை என்றால் மறுநாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைந்து போகிறவர்களை இந்தச் சிறிய உலகம் நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

டெல்லியில் ஃபேரோடு நிறுத்தாமல் சாகேத்தில் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்துக்கு ஓர் அரை நாள் கொடுங்கள். அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. டிஃபன்ஸ் காலனியில் வதேரா உட்படப் பல கேலரிகள் நடக்கும் தூரத்தில் உள்ளன. ஃபேர் வாரத்தில் தங்கள் சிறந்த கண்காட்சியை அங்கேதான் தொங்க விடுகிறார்கள். வாங்கும் முடிவை ஃபேரின் வெளிச்சத்திலும் இரைச்சலிலும் எடுப்பதைவிட அங்கே எடுப்பது நல்லது.

வெளிநாடு முதல் இரண்டு ஆண்டுக்கு வேண்டாம், ஒரே விலக்கு கொழும்பு. ஜார்ஜ் கீட் அறக்கட்டளை 1993ல் தொடங்கிய கலா பொல ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கிறது. ஓவியர்கள் நடைபாதையிலேயே விரித்து வைத்திருப்பார்கள். இன்னும் நாள் இருந்தால் யாழ்ப்பாணம் போய் வாருங்கள். தா. சனாதனனும் அவரைச் சுற்றி உருவான தலைமுறையும் போரையும் இழந்த வீடுகளையும் ஆவணமாகவும் படமாகவும் ஒரே நேரத்தில் கையாண்ட விதம் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. அங்கிருந்து எதையும் வாங்கினால் விமான நிலையத்தில் பில்லோடு சுங்கத்தில் அறிவித்துவிடுங்கள்.

இனி ஸ்டுடியோ. ஒரு வாரம் முன்பே போனில் கேட்டு, காலை பதினொன்றுக்கோ மாலை நான்குக்கோ நேரம் வாங்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். கூட நான்கு பேரை அழைத்துப் போகாதீர்கள். "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்ற கேள்வி உரையாடலை அங்கேயே முடித்துவிடும். எது முதலில் வரைந்தது, எதை அழித்துவிட்டு மறுபடி போட்டார், என்ன காகிதம், எத்தனை ஜி.எஸ்.எம். (காகிதத்தின் கனம்), மை இந்தியன் இங்க்கா அக்ரிலிக்கா என்று கேளுங்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் எந்த ஓவியரும் பேசுவார். ஸ்கெட்ச் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். முடிக்காத படத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். முடித்ததை எடுத்தாலும் அனுமதி இல்லாமல் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.

விலைப் பேச்சை ஸ்டுடியோவில் தொடங்குவதற்கு முன் ஒரே கேள்வி: "உங்களுக்கு கேலரி இருக்கா சார்?" இருந்தால் விலையை அங்கே பேசுங்கள். கேலரி கமிஷன் பல இடங்களில் ஐம்பது விழுக்காடு வரை போகிறது. அதைத் தவிர்த்துப் பாதி விலைக்கு வாங்கிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வாங்கினால் மூன்று நஷ்டம். ஓவியருக்கும் கேலரிக்கும் உள்ள ஒப்பந்தம் கெடுகிறது. தெரிந்தால் அவர் அடுத்த கண்காட்சியை இழக்கலாம். உங்களுக்குக் கேலரியின் பில் கிடையாது. பத்து ஆண்டு கழித்து இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. மூன்றாவது, அந்தக் கேலரி இனி நல்ல படம் வரும்போது உங்களைக் கூப்பிடாது. கேலரி இல்லாத ஓவியரென்றால் தயங்காமல் நேரடியாக வாங்குங்கள், அவர் சொன்ன விலைக்கு.

கேலரியில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை தள்ளுபடி கேட்பது வழக்கம்தான். இளம் ஓவியரின் படம் என்றால் தள்ளுபடிக்குப் பதில் தவணை கேளுங்கள். மூன்று நான்கு மாதத் தவணைக்குப் பல கேலரிகள் சம்மதிக்கும். சொன்ன விலையில் ஃப்ரேம் சேர்த்தியா, ஜி.எஸ்.டி. சேர்த்தியா, டெலிவரி யார் செலவு என்று மூன்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். ஓவியம், சிற்பம், அசல் எட்சிங், லித்தோகிராஃப் (கல்லச்சு) ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து 5. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஓவியர் வரி போட மாட்டார். அது தப்பல்ல. இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க விற்பவருக்குச் சட்டப்படி இடமில்லை. எப்படியும் வங்கி வழியாகவே கொடுங்கள், அந்தப் பதிவும் ஓர் ஆதாரம். விலை சரியா என்று பார்க்க ஏல நிறுவனங்களின் இணையதளத்தில் பழைய முடிவுகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே காட்டும் தொகையில் ஏலக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம், அது பெரும்பாலும் இருபது விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இளம் ஓவியர்களுக்கு ஏல விலை என்று ஒன்றும் இராது. அவர்களுக்கு, இரண்டு ஆண்டுக்கு முன் இதே அளவுப் படம் என்ன விலைக்குப் போனது என்று கேலரியையே கேளுங்கள்.

படத்தைப் பார்க்கும் முறை. எதிரே நின்று பார்த்தது போதாது. மொபைல் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். வெடிப்பு, உப்பல், உள்ளே அமுங்கிய இடம், துணியில் ஏறிய அலை எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பிறகு படத்தைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப மறுத்தால் வாங்காதீர்கள். பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை: ஸ்டேப்பிள் ஆணியில் துரு, துணியில் பூஞ்சைப் புள்ளி, மரச்சட்டத்தில் பூச்சித் துளை, பழைய கண்காட்சி லேபிள். கையெழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தால் அது படம் முடிந்து வெகுகாலம் கழித்துப் போட்டது. அச்சுப் படமென்றால் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். எட்சிங்கில் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்கே தட்டுப்படும், மைக்கோடு காகிதத்துக்கு மேலே எழும்பி நிற்கும். இங்க்ஜெட் பிரின்ட் லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேன்வாஸில் பிரின்ட் எடுத்து மேலே நாலு தீற்று ஜெல் பூசி விற்பதும் நடக்கிறது. தீற்றின் திசையும் கீழே இருக்கும் படத்தின் தூரிகைத் திசையும் பொருந்தாது. எடிஷனில், அதாவது ஒரே படத்தின் எண்ணிட்ட பிரதிகளில், 3/25 என்றால் இருபத்தைந்தில் மூன்றாவது. அதற்கு வெளியே ஓவியர் தனக்கென்று எடுத்துக்கொண்ட பிரதிகள் எத்தனை என்றும் கேளுங்கள். வெண்கலச் சிற்பத்துக்கும் இதே கேள்வி.

போலி என்பது பெரிய பெயர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். ஆனால் பெரிய பெயர் மலிவாகக் கிடைக்கும்போது ஆபத்து மிக அதிகம். 2009ல் டெல்லியில் எஸ்.எச். ரசாவின் ஆரம்பகாலப் படங்கள் என்று வைத்த கண்காட்சியைத் திறக்க ரசாவே வந்தார். பார்த்துவிட்டு, அவற்றில் பெரும்பாலானவை தான் வரைந்தவை அல்ல என்றார். சென்னையில் மறைந்த ஓவியர்களின் கோட்டோவியங்கள் என்று பில் இல்லாமல் கைமாறுபவை இதே வகையில் சேர்க்க வேண்டியவை. உயிரோடு இருக்கும் ஓவியரிடம் வாங்குவதன் பெரிய அனுகூலம், அவரையே கேட்கலாம் என்பது. படத்தின் போட்டோ ஒன்றைப் பிரின்ட் எடுத்து, பின்பக்கம் தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம், அகலம் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். கேலரி பில்லிலும் இதே விவரங்கள் இருக்க வேண்டும். "பெயின்டிங் - 1" என்று மட்டும் போட்ட பில் எதற்கும் உதவாது.

கொண்டுவருவது. சுருட்டிக் கொண்டுவரும் கேன்வாஸை வண்ணம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். எல்லோரும் உள்ளே வைத்துச் சுருட்டுவார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. உள்ளே சுருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழுந்து உதிரும். குழாயின் விட்டம் குறைந்தது ஆறு அங்குலம். துணிக்கடையில் கிடைக்கும் மூன்று அங்குலக் குழாய் கூடவே கூடாது. வண்ணத்தின் மேல் வழவழப்பான மெல்லிய கிளாசின் பேப்பர், அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல்தான் பபிள் ராப். பபிள் ராப் நேராக வண்ணத்தில் பட்டால், வெயிலில் நின்ற வண்டியில் அக்ரிலிக் இளகி வட்ட வட்டமாக அச்சு விழுந்துவிடும். அந்த அச்சு போகவே போகாது. கனமாகப் பூசிய படத்தைச் சுருட்டவே வேண்டாம். ஆயில் என்றால் வரைந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் சட்டத்தோடு பெட்டியில்தான் வர வேண்டும். விமானக் கேபினில் பொதுவாக 55 சென்டிமீட்டர் நீளம் வரைதான் விடுவார்கள், குழாய் பெரும்பாலும் அதைத் தாண்டும். செக்-இன் போடுவதானால் வெளியே கனமான பி.வி.சி. குழாய் ஒன்றுக்குள் இந்தக் குழாயைச் செருகி, இரண்டு முனையிலும் மூடி வைத்து டேப் போடுங்கள். கண்ணாடி போட்ட ஃப்ரேமைப் பயணத்தில் தூக்கி வராதீர்கள். ஃப்ரேமைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து வந்து சென்னையில் போடுங்கள்.

கேலரி அனுப்புவதானால், சுவரிலிருந்து இறக்கியதிலிருந்து உங்கள் வீட்டுச் சுவரில் ஏற்றும் வரை காப்பீடு இருக்கிறதா, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். சேதம் இருந்தால் அன்றே எழுத வேண்டும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையில் மழை அடிக்கும் மாதங்களில், காகித ஓவியத்தை லாரியில் வரவழைக்காதீர்கள்.

சென்னையில் படத்தைக் கொல்வது வெயிலைவிட ஈரம். காகிதப் படத்துக்கு ஃப்ரேமுக்குள் அமிலமில்லாத மவுண்ட் போர்டுதான் (படத்தைத் தாங்கும் அட்டை) போட வேண்டும். ஃப்ரேம் கடையில் வழக்கமாகப் போடும் பழுப்பு அட்டை நாலைந்து ஆண்டில் காகித ஓரத்தை மஞ்சளாக்கும். கண்ணாடி நேராகப் படத்தில் ஒட்டாதபடி நடுவே இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்டில் பசை தடவி ஒட்டாமல், ஜப்பானியத் தாளில் செய்த சிறு கீல்களால் மேல் ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். செல்லோ டேப் போடுகிற கடையிலிருந்து அப்போதே படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஃப்ரேமின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மழை அடித்து ஊறும் வெளிச்சுவரிலும், குளியலறையின் மறுபக்கச் சுவரிலும் தொங்க விடாதீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; காகிதத்துக்கு 50 லக்ஸ் போதும், ஆயிலுக்கு 200 வரை தாங்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பகல் வெளிச்சம் இதைப் பல மடங்கு தாண்டிவிடும். ஏ.சி.யை இரவில் மட்டும் போட்டுப் பகலில் அணைக்கும் அறையில் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும். காகிதப் படம் நெளிவதற்கும் மரச்சட்டம் முறுக்குவதற்கும் அதுதான் காரணம். ஏ.சி. இல்லாத, காற்றோட்டமுள்ள உள்ளறை இதைவிட நல்லது.

கடைசியாக உரிமை. படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம், காப்புரிமை (காப்பிரைட்) ஓவியருடையது. காலண்டரிலோ புத்தக அட்டையிலோ போட வேண்டுமானால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நீங்களே காசு கொடுத்து வரையச் சொன்ன படத்துக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமை உங்களுக்கு வரும். பிற்பாடு விற்க நினைத்தால் முதலில் வாங்கிய கேலரியைக் கேளுங்கள், அதுதான் மரியாதை. காப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் அசல் படத்தில் ஓவியருக்குப் பத்து விழுக்காடு வரை பங்கு உண்டு என்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. சட்டம் என்னவோ இருக்கிறது. வருமான வரியில் ஓவியமும் சிற்பமும் நகையைப் போலவே மூலதனச் சொத்து, வீட்டுச் சாமான் என்று விலக்குக் கிடைக்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 விழுக்காடு வரி. வாங்கிய பில்லோடு ஃப்ரேம், போக்குவரத்து ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், அன்று ஆடிட்டர் முன் உட்காரும்போது வேலை சுலபம்.